உறை கழற்றாத கோடரி

அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். மழை பனியாக மாறிவிட்டது, விடியும்வரை இந்தக் குடிலை விட்டு யாரும் எங்கேயும் போகப் போவதில்லை. ஒரு மெழுகுவர்த்தி போதும், மற்றதை அணைத்துவிடுங்கள். அந்த மூலையில் தன் முதுகுப்பை எத்தனை கிராம் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற தம்பி... நீயும் வா. முக்கியமாக நீதான் கேட்க வேண்டும். இது உன் ரகத்து ஆள் ஒருவனுக்கு நடந்தது.

அக்டோபர் கடைசி. மாலை நான்கு மணி. கணவாய்க்கு இந்தப் பக்கம் இறங்குகிற ஒற்றையடிப் பாதை. அந்த நேரத்தில் அங்கே ஆடு கிடையாது, மாடு கிடையாது, மணிச் சத்தம் கிடையாது. எல்லாம் கீழே ஓட்டிப் போயாகிவிட்டது. காற்று மட்டும் கல்லிடுக்கில் புகுந்து ஊளையிடும். இரண்டு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் லினார்ட், என் சிநேகிதன் டூரியின் அக்கா புருஷன். ரொம்பப் பின்னால், மூச்சிரைத்துக்கொண்டு, டூரி.

லினார்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மீதி விளங்கும். பாரம் குறையட்டும் என்று பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டிக்கொண்ட ஆள். தடித்த கையுறை கோழைகளுக்கு, மெல்லியதே போதும் என்பான். மெதுவாக நடப்பவர்கள் எல்லோரும் அவனுக்குச் 'சாமான் வண்டி'. ஆஸ்பத்திரியில் கிடந்த தன் மாமனாரையே பார்த்து, படுக்கையிலிருந்து கழிப்பறைக்கு இவ்வளவு நேரமா என்று கேட்டவன். இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் மலையேற்றச் சங்கத்தில் குடில் பொறுப்பாளர் அவன்தான்.

குளிர்கால அறை உங்களுக்குத் தெரியும். குடில்காரர் கதவைப் பூட்டிவிட்டு ஊருக்கு இறங்கிய பிறகும் பக்கத்து அறை ஒன்று மட்டும் பூட்டாமல் கிடக்கும். யார் வந்தாலும் தங்கலாம். படுக்கைப் பலகை, போர்வை, இரும்பு அடுப்பு, ஹெலிகாப்டரில் கொண்டுவந்து குவித்த உருளைக் கட்டைகள், பிளப்பதற்கு ஒரு கோடரி. அடுப்பு வாயோ சின்னது, முழுக்கட்டை நுழையாது. அதனால் ஒரே ஒரு கட்டளை. நீ எரித்ததைப் பிளந்து வைத்துவிட்டுப் போ. இந்தக் கட்டளையை லினார்ட் சொல்ல நீங்கள் கேட்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களை வருடா வருடம் உட்கார வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, கண்ணில் நீர் ததும்பச் சொல்லுவான்:

"அடுத்து வர்றவன் இருட்டுல வருவான். நனைஞ்சு வருவான். கை மரத்துப் போய் வருவான். அவனுக்கு அடுப்புல சிராய் அடுக்கி வெச்சுட்டுப் போங்க. ஒரு குச்சியைக் கிழிச்சா பத்திக்கணும். அதுகூட செய்ய முடியலன்னா மலைக்கு வராதீங்க, வீட்ல உக்காந்து பின்னல் போடுங்க."

சூப் சட்டியைக் கழுவாமல் வந்துவிட்டாள் என்பதற்காக ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டத்தின் நடுவே எழுப்பி நிற்க வைத்தான். அவள் அழுதாள். இவனுக்குத் திருப்தி.

இப்பேர்ப்பட்ட உத்தமன் முந்தைய வருடம் அதே அக்டோபரில் அந்தக் கணவாய்ப் பாதைக்கு மேலே இருக்கிற குடிலின் குளிர்கால அறையில் தனியாகத் தங்கினான். பிளந்து வைத்திருந்த விறகையெல்லாம் ஒரே ராத்திரியில் எரித்தான். அடுப்பு சிவக்கச் சிவக்க, சட்டை போடாமல் உட்கார்ந்து பாலாடைக்கட்டி தின்றான். காலையில், தன் பங்குக்கு இரண்டு கட்டை பிளப்போம் என்று கோடரியை எடுத்தான். அதையும் பதமாகச் செய்யத் தெரியாது. ஓங்கிய வேகத்தில் கோடரி கட்டையைத் தவறவிட்டு வாசற்கல்லில் இறங்கியது. பிடி இரண்டாகப் பிளந்துபோயிற்று.

கீழே இறங்கி, கோடரியை உடைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறுநாளே யாராவது புதியதை மேலே கொண்டுபோயிருப்பார்கள். ஆனால் குடில் பொறுப்பாளரே கோடரியை உடைத்தார் என்று ஊர் சிரிக்குமே. சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் இல்லை. உடைந்த பிடியையும் இரும்பையும் சேர்த்துப் பள்ளத்தில் வீசினான். கற்களின் மேல் டங்... டங்... என்று அது உருண்டு போகிற சத்தம் நிற்கும்வரை நின்றுவிட்டு, ஓட்டமாகக் கீழே இறங்கினான். அன்றைக்குத் தன் பழைய வேகத்தையே முறியடித்துவிட்டானாம். வீட்டுக்கு வந்ததும் மனைவி மெங்கியாவிடம் சொன்னது அது ஒன்றைத்தான்.

அந்த வாரமே பனி கொட்டியது. பாசல் நகரத்தில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற தோமன் என்ற பெரியவர், வழி தவறி, இருட்டில் அந்த அறைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். நனைந்து வந்திருக்கிறார். கை மரத்து வந்திருக்கிறார். லினார்டின் பிரசங்கத்தில் வருகிற அதே மனிதர். மே மாதம் பனி உருகிய பிறகுதான் அவரைக் கண்டெடுத்தார்கள். அடுப்பின் முன்னால் மண்டியிட்டபடி இருந்தார். சுற்றிலும் எரிந்த தீக்குச்சிகள். சுவரோரம் கூரை முட்டும் அளவுக்கு முழுக்கட்டைகள்.

ஊரில் கொஞ்ச நாள் இதே பேச்சு. கோடரி எங்கே போயிற்று என்று யாரோ கேட்டதற்கு, பொறுப்பாளர் உடனே பதில் வைத்திருந்தார். "கிழவரு வெளிய எடுத்துட்டுப் போய் பனியில விட்டிருப்பாரு. பட்டணத்து ஆளுக்கு அதைப் பிடிக்கவாவது தெரியுமா?" அதோடு நிறுத்தினானா? மதுக்கடையில் நடுமேசையில் உட்கார்ந்து, பீர் நுரை மீசையோடு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"மலை மாதிரி கட்டை குவிஞ்சு கிடக்கு, நடுவுல உக்காந்து குளிர்ல செத்தானாம்! சாகப் போறோம்னு தெரிஞ்சா மனுஷன் பல்லால கடிச்சாவது நெருப்பு மூட்டியிருக்க மாட்டானா?"

சிரித்தார்கள். ஓரத்து மேசையில் ஜாச்சென் இருந்தார். உடலைக் கீழே இறக்கி வந்த மீட்புக் குழுவில் ஒருவர். அவர் சிரிக்கவில்லை.

"கடிச்சிருந்தாரு," என்றார். "கட்டையில பட்டையெல்லாம் பல்லுத் தடம். முன்பல்லு ஒண்ணு உடைஞ்சு அதுலயே குத்திக்கிட்டு நின்னுது. நான்தான் பிடுங்கி எடுத்தேன்."

லினார்ட் என்ன செய்தான் தெரியுமா? பீரைக் குடித்து முடித்தான். அடுத்த மாதம் சங்கத்தின் சார்பில் புதுக் கோடரி ஒன்றை வாங்கி, தோல் உறை போட்டபடியே ஹெலிகாப்டர்காரரிடம் கொடுத்து மேலே அனுப்பினான். தான் மட்டும் போகவில்லை. கோடை முழுவதும் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது அந்தப் பாதைக்கு வருவோம்.

டூரியை அந்த வருடம் மனைவி விட்டுப் போயிருந்தாள். இசைப் பள்ளியில் கிளாரினெட் சொல்லித் தருகிறவன், பெரிய உடம்பு, பெரிய மனசு, வீட்டிலேயே முடங்கிக் கிடந்தான். தம்பியைக் கொஞ்சம் வெளியே கூட்டிப் போயேன் என்று மெங்கியா நச்சரித்ததால் லினார்ட் அழைத்து வந்தான். கணவாயைத் தாண்டி, குடிலைத் தொடாமல் கீழ்ப்பாதையில் இறங்கி, இருட்டுவதற்குள் ஊர் சேர்வதாக ஏற்பாடு. டூரியின் பையில் முழு சாசேஜ், ரொட்டி, ஒரு புட்டி ஒயின், மாற்றுச் சட்டை இரண்டு.

"கல்யாணச் சீர் கொண்டு போறியா மச்சான்? கொஞ்சம் வேகமா நட. நத்தை உன்னை ஓவர்டேக் பண்ணிடும்."

"வர்றேன் அத்தான்... வர்றேன்..."

"உன் பொண்டாட்டி ஏன் போனான்னு இப்ப புரியுது. காத்திருந்து காத்திருந்து கால் வலிச்சிருக்கும்."

டூரி இரண்டு அடி அவசரமாக எடுத்து வைத்தான். ஓடையின் மேல் பனி மூடியிருந்தது தெரியவில்லை. சளக்... இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டான்.

லினார்ட் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு, இழுத்து வெளியே போட்டான். அதைச் செய்தான், இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் அந்த மெல்லிய கையுறை ஊறி, கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மாதிரி விறைத்துவிட்டது. டூரியின் கால்சட்டை நடக்க நடக்கத் தகரம் போல் சத்தம் போட்டது. ஊர் இன்னும் வெகு தூரம். மேலே, சரிவில், அந்தக் குடில். இன்னும் கொஞ்சம் தாமதித்தால் மச்சானின் கால் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். அக்காக்காரி முகத்தில் எப்படி விழிப்பது? வேறு வழியில்லாமல் மேலே திரும்பினான்.

கதவு பூட்டவில்லை. உள்ளே இருட்டு, எலிப் புழுக்கை வாடை, பழைய கம்பளி வாடை. டூரியைப் பலகையில் தள்ளி, காலணியைப் பல்லைக் கடித்துக்கொண்டு உருவினான். பாதங்கள் மெழுகு போல் வெளுத்திருந்தன. "வலிக்குதா?" என்றான். "ஒண்ணுமே தெரியல அத்தான்," என்றான் டூரி. அதுதான் ஆபத்து.

நெருப்பு வேண்டும். தலைவிளக்கைத் திருப்பினான். சுவரோரம் முழுக்கட்டைகள். ஆணியில் அந்தப் புதுக் கோடரி. தோல் உறையின் மேல் கடைக்காரன் கட்டிக்கொடுத்த சணல் கயிறு, முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. முடிச்சைப் பிடித்தான். விரல் வளையவில்லை. மறுபடி பிடித்தான். விரல் தன்னுடையது போலவே இல்லை, யாருடைய கையோ மணிக்கட்டில் தொங்குகிற மாதிரி. கோடரியை முகத்தருகே கொண்டுவந்து, முடிச்சைப் பல்லால் கவ்வப் போனான்...

வாய் திறந்தபடியே நின்றுவிட்டான். மதுக்கடையில் தான் சொன்னது தன் காதிலேயே கேட்டது.

கோடரியைத் திரும்ப மாட்டினான். அப்போதுதான் அடுப்பைப் பார்த்தான். அடுப்புக்குள் சிராய்கள் குறுக்கும் நெடுக்குமாக, பாடம் எடுக்கிற மாதிரி அழகாக அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்து மரப்பெட்டி நிறையச் சின்னச் சின்ன விறகு. முன்னால் வந்த எந்தப் புண்ணியவானோ ஒழுங்காக வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறான்! இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தீக்குச்சியைப் பிடித்துக் கிழித்தான். ஒரே குச்சி. குப்பென்று பற்றிக்கொண்டது.

டூரிக்கு உலர்ந்த சட்டை போட்டு (அந்தக் கல்யாணச் சீரிலிருந்துதான்), போர்வை மேல் போர்வையாகச் சுற்றினான். பாதத்தில் உயிர் திரும்பி வந்தபோது டூரி குழந்தை மாதிரி அழுதான். அப்புறம் சாசேஜ் தின்றான். அறை சூடாகியது. லார்ச் மரத்துப் பிசின் வாசனை கிளம்பியது. அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது. நாள்பட்ட வாய் நாற்றம். இரும்பு மாதிரி, ரத்தம் மாதிரி.

அடுத்த விறகை எடுத்தபோதுதான் லினார்ட் அதைக் கவனித்தான். கோடரியால் பிளந்த விறகு வழவழவென்று இருக்கும். இது நார் நாராகக் கிழிந்திருந்தது. ஓரமெல்லாம் நசுங்கி, குழி குழியாக. விளக்கருகே பிடித்துப் பார்த்தான். குழிகள் வளைந்த வரிசையாக இருந்தன. வரிசையின் நடுவே ஓர் இடைவெளி. ஒரு பல் இல்லாத இடம்.

இன்னொன்றை எடுத்தான். அதே இடைவெளி. இன்னொன்று. அதே.

ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது.

பேசாமல் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டான். வேறு என்ன செய்வான்? நெருப்பு அணைந்தால் மச்சானின் கால்.

"அத்தான்," என்றான் டூரி, அரைத் தூக்கத்தில். "அந்தப் பெரியவர் இங்கதானே?"

"தூங்கு."

"பாவம். ஒரே ஒரு கோடரி இருந்திருந்தா..."

இங்கேதான் கவனியுங்கள். மனிதனாகப் பிறந்தவன் வாய் திறக்க வேண்டிய இடம் இது. இருட்டு அறை, உயிர் பிழைத்த மச்சான், கேட்பதற்கு வேறு யாரும் இல்லை. நான்தான் உடைத்தேன் என்று இரண்டு வார்த்தை. நெஞ்சுவரைக்கும் வந்ததாம். ஆனால் லினார்ட் லினார்டுதான்.

"இருந்துச்சுடா. கிழவன்தான் தொலைச்சான். தொலைச்சுட்டுச் செத்தான். அவனுக்குப் போய் பரிதாபப்படுறியே!"

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. பிறகு மூலையிலிருந்து, கட்டைகள் குவிந்திருந்த பக்கத்திலிருந்து...

கர்ரக்...

நின்றது.

கர்ரக்... கர்ரக்...

"எலி," என்றான் டூரி. அதோடு குறட்டை விட ஆரம்பித்துவிட்டான்.

எலி துப்புமா? அதுதான் லினார்டின் சந்தேகம். ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் அது துப்பியது. த்தூ. பட்டைத் துணுக்கு ஒன்று தரையில் விழுந்தது. மறுபடி கர்ரக்... கர்ரக்... நார் கிழிகிற சத்தம். த்தூ. பிறகு மரப்பெட்டிக்குள் டொக் என்று ஒரு விறகு. அவசரமே இல்லை. சளைக்காமல், நிதானமாக, வருடக்கணக்காக ஒரே தண்டவாளத்தில் வண்டி ஓட்டிப் பழகிய ஆள் மாதிரி.

தலைவிளக்கை அந்தப் பக்கம் திருப்ப அவனுக்குத் துணிச்சல் இல்லை. உலகத்தையே நத்தை என்றவன் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டான். அந்தப் போர்வைகளின் ஒரு ஓரத்தில் 'கால்' என்று நெய்திருக்கும், ஊரார் கால் பட்ட பக்கம் யார் முகத்துக்கும் போகக் கூடாதென்று. அதைத் தலைகீழாகப் போர்த்தியவர்களை எத்தனை முறை திட்டியிருக்கிறான்! அன்றைக்கு அந்தப் பக்கம்தான் அவன் வாயில் இருந்தது. அதைக் கடித்துக்கொண்டு கிடந்தான். சத்தம் மூலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்தது. காலருகே. இடுப்பருகே. கடைசியில் அவன் தலையணைக்குப் பக்கத்தில், காதை ஒட்டி... கர்ரக்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஞாபகம் இல்லை.

விடிந்தபோது நல்ல வெயில். டூரி எழுந்து உட்கார்ந்து கால் விரல்களை ஆட்டிப் பார்த்தான். பத்தும் சிவப்பாக, பத்தும் உயிரோடு. மரப்பெட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. அடுப்புக்குள் சாம்பல் அள்ளப்பட்டு, புதுச் சிராய் அடுக்கப்பட்டிருந்தது, அடுத்து வருகிறவனுக்காக. லினார்ட் அடுப்பின் முன்னால் மண்டியிட்டபடி, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான்.

"அத்தான்! ராத்திரி முழுக்க எனக்காகத் தூங்காம விறகு பிளந்தீங்களா? உங்களைப் போய் நான் என்னமோன்னு நெனச்சுட்டேனே..."

லினார்ட் திரும்பினான்.

"ஐயையோ... வாயில என்ன அத்தான் ரத்தம்?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். நாக்கிலிருந்து ஒரு சிராய் விழுந்தது. அதோடு முன்பற்கள் இரண்டு.

சறுக்கி விழுந்துவிட்டதாக ஊரில் சொன்னான். மெங்கியா நம்பினாள், டூரி நம்ப முயன்றான். கோடரியைப் பற்றி லினார்ட் இன்றுவரை யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. ஒரே ஒருமுறை, டூரி வீட்டில் குடித்துவிட்டு, சுவரைப் பார்த்து உளறினான். டூரி எனக்குச் சொன்னான், நான் உங்களுக்குச் சொல்கிறேன். மறுநாளே, அது போதையில் சொன்னது, பொய் என்று அடித்துப் பேசினான். பதவியையும் விடவில்லை. இன்னும் குடில் பொறுப்பாளர்தான், இன்னும் வருடா வருடம் அதே பிரசங்கம், அதே ததும்பும் கண். பல் மட்டும் புதிது. பீங்கான் பல், நல்ல வெள்ளை, ஒரு சந்து இல்லாத வரிசை.

ஒரு மாற்றம் உண்டு. அக்டோபர் வந்தால் வீட்டில் இருக்க மாட்டான். மெங்கியா கண் விழிக்கும்போது படுக்கை காலியாக இருக்கும். விடிந்து வெகுநேரம் கழித்து, கன்னம் வீங்கி, ஒன்றும் சாப்பிடாமல் வந்து உட்காருவான். அந்தக் குளிர்கால அறையில் விறகு தீர்ந்ததே கிடையாது என்று மலையேறிகள் புகழ்கிறார்கள். சங்கத்தில் அவனுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம்கூட நடத்தினார்கள். உதட்டை மூடிக்கொண்டு சிரித்தானாம்.

போன வாரம் டூரி தனியாக அங்கே ஏறிப் போனான். கோடரி அதே ஆணியில் தொங்கியது. உறை கழற்றவில்லை. கடைக்காரன் போட்ட முடிச்சு அவிழவில்லை, அதன் மேல் தூசி படிந்திருந்தது. மரப்பெட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. டூரி மேலாக இருந்த ஒரு விறகை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

ஒரு முனையில் பல்லுத் தடம், நடுவே ஓர் இடைவெளி.

மறுமுனையிலும் பல்லுத் தடம் இருந்தது. அதில் ஒரு சந்துகூட இல்லை.